இறக்கி வைக்கப்படாத பழி

தமிழில் 'குற்றச்சாட்டு' என்று சொல்வதை மலையாளத்தில் 'ஆரோபணம்' என்பர். வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லின் மூலப்பொருள், ஒன்றன்மீது மற்றொன்றை ஏற்றி வைத்தல் என்பதாகும். பூவார், குளத்தூர், காரோடு, பாறசாலை ஆகிய எல்லையோர ஊர்களில் இவ்விரு சொற்களும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. ஏற்றி வைக்கப்படுவது சுமை. சுமந்து வருபவர் சற்றே இறக்கி வைப்பதற்காக அக்காலத்தில் வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டு வைத்தார்கள். அரசியலில் ஒருவர் தலையில் ஏற்றப்படும் பழிக்கும் அத்தகைய இடம் வேண்டும். பழி மெய்யென்றால் தண்டனையாகவும், பொய்யென்றால் விடுவிப்பாகவும் அது உரிய காலத்தில் இறக்கி வைக்கப்பட வேண்டும். இறக்கி வைக்கப்படாத பழி முதலில் தலைவரின் நம்பகத்தன்மையைத் தின்கிறது. பிறகு, பழி சுமத்தியவரின் நம்பகத்தன்மையையும் தின்கிறது. இறுதியில், எந்தப் பழியையும் பொருட்படுத்தாத ஒரு சமூகத்தை விட்டுச் செல்கிறது. இந்த மூன்றாவது இழப்பே மிகப் பெரியது. ஆனால் அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

இதற்கான முதற்சான்று நெய்யாற்றின்கரை மண்ணிலேயே இருக்கிறது. இவ்வூரில் 1878-இல் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராகி, திருவிதாங்கூர் திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் தனிநடத்தையையும் கடுமையாகச் சாடி எழுதினார். அரசு அந்த எழுத்துக்கு விளக்கம் தரவில்லை, விசாரணையும் வைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். 1916-இல் கண்ணூரில் அவர் இறந்தபோது நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அந்தத் திவானின் கணக்கில் வேறொரு வரவும் உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்னும் ஆணை அவருடைய காலத்தில்தான் உறுதிபெற்றது. பூவாருக்கு வடக்கே உள்ள வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி அதற்காகவே போராடிக்கொண்டிருந்தார். அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதியவர்களுள் இராமகிருஷ்ண பிள்ளையும் ஒருவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டு எழுதியவர் அவர். ஆகவே, பழி சுமத்தியவர் மாசற்றவரும் அல்லர். பழி சுமந்தவர் முழுத் தீயவரும் அல்லர். இருந்தும், திவானின் பெயர் இன்று நாடுகடத்தலோடுதான் பெரிதும் நினைக்கப்படுகிறது. பள்ளிக்கதவு திறந்த கதை அடுத்த பத்தியில் வரும் செய்தியாகிவிட்டது. குற்றச்சாட்டுகள் திறந்த அவையில் ஆராயப்பட்டிருந்தால் எது மெய், எது மிகை என்று தெரிந்திருக்கும். விசாரிக்க மறுத்ததால், நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் திவானின் தலையிலிருந்து அந்தச் சுமை இறங்கவில்லை.

நூறாண்டு கழித்து அதே நெய்யாற்றின்கரை வேறொரு வகைச் சோதனைக்கு உள்ளானது. 2006-இல் பாறசாலையிலும் 2011-இல் நெய்யாற்றின்கரையிலும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் வென்ற ஆர். செல்வராஜ், 2012 மார்ச்சில் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து கட்சியிலிருந்தும் விலகினார். 140 உறுப்பினர் கொண்ட அவையில் 72 இடங்களுடன் உம்மன் சாண்டியின் அரசு தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று மாதத்திற்குள் அதே தொகுதியின் இடைத்தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். குதிரைபேரம் நடந்தது என்று இடதுசாரிகள் குற்றம் சாட்டினர். கொள்கை பேசிய ஒருவர் ஒரே பருவத்தில் அணி மாறியதைத் தண்டிக்க வாக்காளர்க்கு நல்ல வாய்ப்பு கிடைத்திருந்தது.

ஆனால் பழி சுமத்திய கட்சியின் தோளில் அதைவிடப் பெரிய பழி வந்து விழுந்தது. 2012 மே 4 அன்று, வடகேரளத்தின் ஒஞ்சியம் பகுதியில், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து புதுக்கட்சி கண்ட டி.பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். கட்சிக்குத் தொடர்பில்லை என்று தலைமை மறுத்தது. கட்சியின் மூத்த தலைவரான வி.எஸ். அச்சுதானந்தனோ, நெய்யாற்றின்கரையில் வாக்குப்பதிவு நடந்த ஜூன் 2 அன்றே கொலையுண்டவரின் வீட்டுக்குச் சென்று அவருடைய மனைவிக்கு ஆறுதல் கூறினார். கட்சியின் மறுப்புரையை ஊரார் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்தக் காட்சியைவிடத் தெளிவான விடை தேவைப்படவில்லை. செல்வராஜ் 6,334 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாரதிய ஜனதாவின் ஓ. இராஜகோபால் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, இரு முன்னணிகளுக்கும் வெளியே பெருங்கூட்டம் ஒன்று ஒதுங்கி நிற்பதைக் காட்டினார்.

இந்த முடிவை 'மக்கள் கட்சித்தாவலை ஏற்றுக்கொண்டார்கள்' என்று வாசிப்பது பிழை. 2016-இலும் 2021-இலும் அதே வாக்காளர்கள் அதே செல்வராஜைத் தோற்கடித்து, மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஆன்சலனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் அவர்கள் இரண்டு பழிகளை எடை போட்டு, கனமானதற்கு எதிராக வாக்களித்தார்கள். கொலை வழக்கில் 2014 ஜனவரியில் வந்த தீர்ப்பு, அக்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் சிலரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. நீதிமன்றம் ஏறத்தாழ இரண்டாண்டுக்குப் பின் சொன்னதை, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வாக்காளர்கள் நான்கே வாரத்தில் தங்கள் வழியில் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் சான்றுகள் இல்லை. மறுப்புரையின் தொனி மட்டுமே இருந்தது. தொனியை அறிவதில் ஊர் தவறுவது அரிது.

அடுத்த ஆண்டிலேயே சுமை மறுபக்கம் ஏறியது. உம்மன் சாண்டி, மக்களை நேரில் சந்தித்து மனுக்களைத் தீர்க்கும் 'ஜனசம்பர்க்கம்' என்னும் திட்டத்தால் பெயர் பெற்றவர். அத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்சேவை விருது கிடைத்தது 2013 ஜூனில். சூரியமின் தகடு அமைத்துத் தருவதாகப் பலரிடம் பணம் பெற்று ஏமாற்றிய 'டீம் சோலார்' நிறுவனத்தாரோடு முதலமைச்சர் அலுவலக ஊழியர்கள் தொலைபேசியில் பேசிவந்தார்கள் என்ற செய்தி வெடித்ததும் அதே ஜூனில்தான். தமக்கென்று கைப்பேசி வைத்துக்கொள்ளாத முதலமைச்சர் அவர். யார் வேண்டுமானாலும் உதவியாளர்களின் கைப்பேசி வழியாக அவரிடம் பேசலாம் என்பது அவருடைய எளிமைக்குச் சான்றாகச் சொல்லப்பட்டது. அந்த எளிமையே இப்போது ஐயத்தின் வாசலாயிற்று. உதவியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். வேறு சிலர் நீக்கப்பட்டனர். முதலமைச்சர் தமக்குத் தொடர்பில்லை என்றார். பதவி விலக மறுத்தார். ஆகஸ்ட்டில் இடதுசாரித் தொண்டர்கள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்ட பின்னரே நீதி விசாரணைக்கு அரசு இணங்கியது.

நீதிபதி ஜி. சிவராஜன் ஆணையம் 2013 அக்டோபரில் அமைக்கப்பட்டது. அறிக்கை வந்தது 2017 செப்டம்பரில். இடையே 2016 தேர்தல் வந்து, ஐக்கிய ஜனநாயக முன்னணி 47 இடங்களுக்குச் சுருங்கியது. அறிக்கையில், புகார்க் கடிதம் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட பகுதிகளை 2018-இல் உயர்நீதிமன்றம் நீக்கியது. கடிதத்தில் கூறப்பட்ட குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை முடிவு சொன்னது 2022 டிசம்பரில். ஏழு மாதங்களில் உம்மன் சாண்டி இறந்தார். திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயத்துக்கு அவருடல் சென்ற வழியெங்கும் மக்கள் திரண்டு நின்றதால், சில மணி நேரப் பயணம் ஒரு நாளைத் தாண்டி நீண்டது. ஒருவர் மீதான பழியை ஒன்பதாண்டு சுமக்க வைத்துவிட்டு, இறுதி ஊர்வலத்தில் இறக்கி வைப்பது நீதி ஆகாது. தமது அலுவலகத்தில் ஏமாற்றுக்காரர்கள் எப்படி நுழைந்தார்கள் என்ற கேள்விக்கு அவர் தந்திருக்க வேண்டிய விடையும் அந்தக் கண்ணீரில் கரைந்துவிட்டது. மெய்யான பிழையும் பொய்யான பழியும் பிரிக்கப்படாமலே போயின.

இதற்கு மாறான முன்மாதிரி இந்தியக் குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே உண்டு. 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் தொழிலதிபரின் நலிந்த நிறுவனங்களில் கொட்டப்பட்டதை ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தி, சில வாரங்களில் அறிக்கை தந்தார். நிதியமைச்சராக இருந்த தமிழர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். கேள்வி எழுந்த நாளிலிருந்து பதவி விலகல் வரை இரண்டு மாதங்களே ஆயின. அவர் 1962-இல் மீண்டும் அமைச்சரவைக்குத் திரும்பினார். தண்டனை கடுமையாக இருந்ததா என்பது வேறு வாதம். எது நடந்தது, யார் பொறுப்பு என்பது மக்களுக்கு அந்த வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. அரசின் மீதான நம்பிக்கை அதனால் குலையவில்லை.

தலைவர்கள் பெரும்பாலும் குற்றத்தால் அல்லாமல் விடையால் வீழ்கிறார்கள் என்பதற்கு அமெரிக்காவின் ரிச்சர்ட் நிக்சன் உலகறிந்த சான்று. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த அத்துமீறல் செய்தியாகிய பின்னரும், அந்த நவம்பரில் அவர் 49 மாநிலங்களில் வென்றார். விசாரணையைத் தடுக்க அவரே வழிசொன்ன உரையாடலின் ஒலிப்பதிவு 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்தது. நான்காம் நாள் அவர் பதவியில் இல்லை. இரண்டாண்டுக் காலம் சொன்ன மறுப்புகள் பொய் என்று அவருடைய குரலே காட்டிக்கொடுத்ததைத் தாங்க அவருடைய கட்சியாலும் முடியவில்லை.

இதுவரை சொன்னது பழி சுமப்பவரின் கடமை. பழி சுமத்துபவருக்கும் ஒரு கடமை உண்டு. கேரளத்தில் அதிகம் தவறவிடப்பட்டது அதுவே. மூடப்பட்ட மதுக்கூடங்களைத் திறப்பதற்காக நிதியமைச்சர் கே.எம். மாணி ஒரு கோடி ரூபாய் பெற்றார் என்ற குற்றச்சாட்டு 2014 அக்டோபர் இறுதியில் எழுந்தது. அவர் நிதிநிலை அறிக்கை படிக்கக் கூடாது என்று 2015 மார்ச் 13 அன்று இடதுசாரி உறுப்பினர்கள் அவைத்தலைவரின் இருக்கையையும் மேசையையும் புரட்டிப் போட்டனர். அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் அமைச்சரின் நிலை குறித்துக் கடுமையாகக் கருத்துரைத்த மறுநாள் மாணி பதவி விலகினார். 2019-இல் அவர் இறந்தார். 2020 அக்டோபரில் அவருடைய மகன் தலைமையிலான கேரளா காங்கிரஸ் (எம்) அதே இடது முன்னணியில் இணைந்தது. அவைக்குள் நடந்த சேதம் தொடர்பான வழக்கைத் திரும்பப் பெற இடதுசாரி அரசே முயன்றது. 2021 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் அதை மறுத்தது. மாணி குற்றவாளி என்றால் கூட்டணி எதற்கு? குற்றவாளி அல்லர் என்றால் நாற்காலிகள் விழுந்தது எதற்கு? இந்த இரண்டு கேள்விகளுள் ஒன்றுக்கேனும் விடை சொல்லாமல் கடந்தபோது, 'ஊழல்' என்ற சொல்லின் எடை குறைந்தது.

அதன் விளைவை அடுத்த தேர்தல் காட்டியது. 2020 ஜூலையில் திருவனந்தபுரம் வானூர்தி நிலையத்தில், தூதரகப் பொதியொன்றில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட 30 கிலோ தங்கம் பிடிபட்டது. முதலமைச்சர் பினராயி விஜயனின் முதன்மைச் செயலாளர் எம். சிவசங்கர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுப் பின்னர் கைதானார். முதலமைச்சரின் அலுவலகம், ஐயத்துக்குரியவர்களோடு உறவு, 'எனக்குத் தெரியாது' என்னும் மறுப்பு என எல்லாம் 2013-ஐ நினைவூட்டின. ஆனால் 2021-இல் இடது முன்னணி 99 இடங்களில் வென்றது. நாற்பதாண்டுக்கு மேலாக எந்த ஆளும் அணிக்கும் கிடைக்காத தொடர்வெற்றி அது. பெருவெள்ளத்திலும் பெருந்தொற்றிலும் அரசு செயல்பட்ட விதம், வீடு தேடி வந்த ஓய்வூதியம், இலவச உணவுப்பொருள் பை ஆகியவை அதற்குக் காரணங்கள். அவை நியாயமான காரணங்களே. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. குற்றஞ்சாட்டிய எதிரணியின் கடந்தகாலத்தையும் ஆளும் அணியின் கடந்தகாலத்தையும் வாக்காளர்கள் ஒருசேர அறிந்திருந்தார்கள். இருபுறமும் இறக்கப்படாத சுமைகள் கிடக்கையில் புதுச்சுமை யாருக்கும் கனமாகத் தோன்றவில்லை.

'எல்லாரும் இப்படித்தான்' என்னும் வாக்கியம் இவ்வாறு பிறக்கிறது. பட்டறிவின் மொழி போல ஒலிக்கும் இவ்வாக்கியம் உண்மையில் ஒரு சரணாகதி. எல்லாரும் ஒன்றே என்றால் எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அத்தகைய ஊரில் மெய்யான திருடருக்கும் பொய்ப்பழிக்கு ஆளானவருக்கும் ஒரே மதிப்பு. நேர்மையானவருக்கு அங்கே இழப்பு, நேர்மையற்றவருக்கு வசதி.

பூவாரின் கடற்கரையில் இது வெறும் கருத்துப் பிரச்சினை அன்று. நெய்யாறு கடலோடு கலக்கும் பொழிமுகத்துக்கு வடக்கே விழிஞ்ஞம் துறைமுகம் எழுந்திருக்கிறது. 2015 ஆகஸ்ட்டில் உம்மன் சாண்டி அரசு அதானி குழுமத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, பெருமுறைகேடு என்று இடதுசாரிகள் முழங்கினர். 2017-இல் தலைமைக் கணக்காயர் அறிக்கையும் ஒப்பந்த விதிகளைக் குறைகூறியது. இடதுசாரி அரசு அமைத்த நீதிபதி சி.என். இராமச்சந்திரன் நாயர் ஆணையம் ஊழல் நடந்ததாகக் காணவில்லை. திட்டம் அதே ஒப்பந்தத்தோடு தொடர்ந்தது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடையே 2022-இல், கரை அரிப்புக்கும் வாழ்விட இழப்புக்கும் இத்துறைமுகப் பணியே காரணம் என்று சொல்லி மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். அரசு அக்காரணத்தை மறுத்தது. முதலில் ஊழல் என்று சொன்னவர்களே பின்னர் வளர்ச்சி என்றார்கள். முதலில் கையொப்பமிட்டவர்களே பின்னர் மீனவர்க்காகப் பேசினார்கள். வீட்டுச் சுவரைக் கடல் தொடும் இரவில் ஒரு மீனவர் யாருடைய சொல்லை நம்பி முடிவெடுப்பது? நம்பிக்கை அழிந்த இடத்தில், அரசு உண்மையையே சொன்னாலும் அது கரை சேர்வதில்லை.

இந்நிலையில் பழியை இறக்கி வைக்கும் இடங்களைப் பெருக்குவதே அறிவுடைமை. கேரளம் இருந்த ஓர் இடத்தையும் ஒடுக்கிக்கொண்டது. 1999-ஆம் ஆண்டின் லோக் ஆயுக்தா சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பொறுப்பில் இருப்பவர் அப்பதவியில் தொடரத் தகுதியற்றவர் என்று அந்த அமைப்பு அறிவித்தால் அவர் விலக வேண்டும் என்றது. உறவினர் நியமனம் தொடர்பான அத்தகைய முடிவுக்குப் பின் 2021 ஏப்ரலில் அமைச்சர் கே.டி. ஜலீல் பதவி விலகினார். 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தமோ, அமைச்சர் குறித்த முடிவை ஏற்பதும் மறுப்பதும் முதலமைச்சரின் கையில், முதலமைச்சர் குறித்த முடிவு சட்டமன்றத்தின் கையில் என்று மாற்றியது. 2024-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நியமிக்கப்பட்ட அமைப்பொன்று மக்கள் தேர்ந்த ஆட்சியைக் கவிழ்க்கலாகாது என்பது அரசின் வாதம். அவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் தன் அணியினர் மீதான முடிவைத் தன் அணியே தீர்மானிக்கும்போது, விடுவிக்கப்பட்டவரையும் ஊர் விடுவிப்பதில்லை. குற்றமற்ற அமைச்சருக்கும் அத்திருத்தம் தீங்கே செய்கிறது.

அடுத்த முறை ஒரு குற்றச்சாட்டு வெடிக்கும்போது, எல்லையோர வாக்காளர்கள் இரு மொழிகளிலும் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. பழி சுமந்தவர் எத்தனை நாளில் விடை சொன்னார்? அந்த விடையைச் சரிபார்க்கும் அதிகாரம் அவருடைய கைக்கு எட்டாத ஒருவரிடம் இருந்ததா? பழி சுமத்தியவர் தம் கைக்கு அதிகாரம் வந்தபோது அதை முடித்து வைத்தாரா, அல்லது அடுத்த கூட்டணிக்காக மூடி வைத்தாரா? மூன்றாவது கேள்வி இன்று ஏறக்குறைய எங்குமே கேட்கப்படுவதில்லை. அது கேட்கப்படாத வரை, ஆட்சிகள் மாறுவது சுமை தோள் மாறுவதாகவே இருக்கும்.